மறிக்காமல் விட்ட ஒருவன்

டெக்சஸ் மாநிலத்தின் வடமேற்கே, பருத்திக் காட்டுக்கு நடுவில், மேடு பள்ளமே தெரியாத சமவெளியில் இருக்கிறது லபக். அங்கே டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ஜோன்ஸ் ஸ்டேடியம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் புகழ்பெற்ற மைதானங்களைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் அது முதலில் நினைவுக்கு வராது. ஆனால் குவாட்டர்பேக் என்கிற ஆட்டக்காரனைப் பற்றி இந்த நாட்டுக் கோச்சுகள் அரை நூற்றாண்டாக யோசித்ததில் பெரும்பகுதி ஏதோ ஒரு விதத்தில் அந்த மைதானத்தைக் கடந்து போயிருக்கிறது.

1968 செப்டம்பர் 28 அன்று டெக்சஸ் பல்கலைக்கழக அணி அங்கே 31-22 என்று தோற்றது. அந்தத் தோல்வியின் நடுவில்தான் கோச் டாரல் ராயல், குவாட்டர்பேக் பில் பிராட்லியை வெளியே எடுத்துவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டை உள்ளே அனுப்பினார். அடுத்த ஆட்டத்திலிருந்து அந்த அணி வரிசையாக 30 ஆட்டங்களை வென்றது. பந்தை எறிவதையே கடைசி வழியாக வைத்திருந்த அணி அது. நாற்பது ஆண்டு கழித்து, 2008 நவம்பர் 1 இரவு, அதே டெக்சஸ் அணி நாட்டின் முதலிடத்தில் இருந்தபடி அதே மைதானத்துக்கு வந்து மறுபடி தோற்றது. இம்முறை எதிரே நின்ற டெக்சஸ் டெக், பந்தை எறிவதையே மூச்சாக வைத்திருந்த அணி.

இரண்டும் எதிரும் புதிரும் என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஒன்றில் குவாட்டர்பேக் ஓடுகிறான், மற்றதில் எறிகிறான். 'ஓடும் குவாட்டர்பேக்', 'எறியும் குவாட்டர்பேக்' என்று இரண்டு பெட்டி செய்து ஆட்களை அதில் போட்டுப் பூட்டுவது இங்கே நெடுநாள் வழக்கம். எனக்கு அந்தப் பெட்டிகளில் நம்பிக்கை இல்லை. இரண்டு அணியிலும் குவாட்டர்பேக் செய்தது ஒரே வேலை. எதிரணியில் ஒரே ஒரு ஆளைப் பார்க்கிறான். அந்த ஆள் எந்தப் பக்கம் போனாலும் அது தப்பான பக்கமாக ஆகும்படி செய்கிறான்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் பந்து குவாட்டர்பேக் கைக்கு வருவதில் தொடங்குகிறது. அவன் அதை ஓட்டக்காரன் கையில் கொடுக்கலாம், எறியலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். மற்றதெல்லாம் இதற்கு மேல் கட்டிய மாடிகள்.

மேற்படிப்புக்காக லபக்குக்கு வந்தபோது இது எனக்கு மனிதர்கள் மோதி விழும் குவியலாகத்தான் தெரிந்தது. எங்கள் துறையின் பட்டறையைக் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர், அதற்கு முன் மேற்கு டெக்சஸின் சின்ன ஊர்ப் பள்ளிகளில் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர். சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துதான் நான் பார்க்கக் கற்றேன். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: "பந்தை விடு. அவங்க மறிக்காம விட்ட ஆள் யாருன்னு தேடு." அதற்குப் பிறகு அந்தக் குவியல் எனக்குக் குவியலாகத் தெரிந்ததே இல்லை.

அவர் சொன்னதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான் என்று வையுங்கள். ஓடுபவன் ஒருவன், வேடிக்கை பார்ப்பவன் ஒருவன். ஆக எதிரிகளை மறிக்க மிச்சம் ஒன்பது பேர். தடுக்கும் அணியான டிஃபென்ஸிலோ பதினோரு பேர். எவ்வளவு நன்றாக மறித்தாலும் இரண்டு பேர் கையை வீசிக்கொண்டு வருவார்கள். நூறாண்டுக்கு மேலான இந்த ஆட்டத்தின் வியூகங்களில் பாதி, அந்த இரண்டு பேரை என்ன செய்வது என்ற கேள்விக்கான பதில்தான். பலசாலிகளைச் சேர்த்து முட்டித் தள்ளலாம். பணமும் பேரும் இருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அது முடியும். மற்றவர்களுக்கு இருக்கிற வழி, எதிரணியில் ஒருவனை மறிக்காமலே விட்டுவிட்டு, குவாட்டர்பேக்கின் கண்ணால் அவனை ஆட்டத்திலிருந்து நீக்குவது.

1968 கோடையில் டெக்சஸ் அணியின் உதவிக் கோச் எமரி பெல்லார்ட் உருவாக்கிய விஷ்போன் அந்த வழியின் உச்சம். குவாட்டர்பேக்குக்கு நேர் பின்னால் ஃபுல்பேக், அவருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு ஹாஃப்பேக்குகள். மேலிருந்து பார்த்தால் ஒய் எழுத்து மாதிரி இருக்கும். அந்த அணியில் நல்ல ஓட்டக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்த ஏற்பாடு அது.

அதில் ஒரு முயற்சி எப்படி நடக்கும் என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக் அதை, முன்னால் பாயும் ஃபுல்பேக்கின் வயிற்றில் வைக்கிறான். வைக்கிறான், விடவில்லை. இருவர் கையும் பந்தின்மேல் இருக்க, இருவரும் ஓரடி, இரண்டடி சேர்ந்தே நகர்கிறார்கள். அந்த நொடியில் குவாட்டர்பேக்கின் பார்வை பந்திலும் இல்லை, ஃபுல்பேக்கிடமும் இல்லை. எதிர் வரிசையில் மறிக்காமல் விட்ட முதல் ஆளின் தோள்மேல் இருக்கிறது. தோள் உள்ளே திரும்பி ஃபுல்பேக்கை நோக்கி வந்தால் பந்தை வெளியே உருவ வேண்டும். திரும்பாமல் நின்றால் விட்டுவிட வேண்டும். உருவியாயிற்று என்றால் ஓரமாக ஓடி, மறிக்காமல் விட்ட இரண்டாவது ஆளை நேராகச் சந்திக்கிறான். அவன் தன்மேல் பாய்ந்தால் பந்தைப் பக்கவாட்டில் வரும் ஹாஃப்பேக்கிடம் தட்டிவிடுகிறான். அவன் ஹாஃப்பேக்கைக் காக்கப் போனால் தானே உள்ளே வெட்டி ஓடுகிறான். மூன்று கண் சிமிட்டலுக்குள் இரண்டு முடிவு, அதுவும் நூற்றிருபது கிலோ ஆள் ஒருவன் மேலே விழப் போகிற நேரத்தில்.

கணக்கு இப்போது என்ன ஆகிறது? பந்தைக் கொண்டு போகக்கூடியவர்கள் மூன்று பேர் என்பதால் மறிக்க எட்டுப் பேர்தான் மிச்சம். ஆனால் எதிரணியில் இரண்டு பேரை மறிக்கவே வேண்டாம் என்பதால், மறிக்க வேண்டியவர்கள் ஒன்பது பேர். இரண்டாக இருந்த பற்றாக்குறை ஒன்றாகிவிட்டது. அந்த ஒருவனும் பெரும்பாலும் தொலைவில் நிற்கும் கடைசிக் காவல்காரன். முதல் இரண்டு ஆட்டங்களில் டெக்சஸுக்கு இது சரியாக அமையவில்லை. ஹூஸ்டனோடு 20-20 என்று சமன், லபக்கில் தோல்வி. பிறகு ஃபுல்பேக்கைச் சற்றுப் பின்னால் நகர்த்தி நிறுத்தினார்கள். அந்தத் தோளைப் பார்த்து முடிவெடுக்க குவாட்டர்பேக்குக்குத் தேவைப்பட்ட இமைப்பொழுது அதில் கிடைத்தது. ஸ்ட்ரீட்டிடம் பெரிய கையும் இல்லை, அசுர வேகமும் இல்லை. அவர் ஆடத் தொடங்கிய ஆட்டம் எதிலும் தோற்காமலே கல்லூரியை முடித்தார். வெற்றித் தொடர் 1971 புத்தாண்டு நாளில், காட்டன் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேமிடம் முடிந்தபோது அவர் அணியில் இல்லை.

ஓக்லஹோமா இந்த முறையை டெக்சஸிடமிருந்து எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக்கியது. அங்கே 1985-இல் நடந்தது, குவாட்டர்பேக் பாணி பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். கோச் பேரி ஸ்விட்ஸரிடம் ட்ராய் எய்க்மன் என்ற, உயரமான, துல்லியமாக எறியும் பையன் இருந்தார். அவருக்காக ஆஃபென்ஸையே, அதாவது பந்தை வைத்து ஆடும் முறையையே, கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் மயாமிக்கு எதிரான ஆட்டத்தில் எய்க்மனின் கணுக்கால் உடைந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் ஜமெல் ஹாலிவே என்ற முதலாண்டு மாணவர். குள்ளம், மின்னல் வேகம், விஷ்போனுக்கென்றே பிறந்தவர். ஓக்லஹோமா மறுபடி முழு விஷ்போனுக்குத் திரும்பியது, ஆரஞ்சு பவுலில் பென் ஸ்டேட்டை 25-10 என்று வென்று நாட்டின் சாம்பியன் ஆனது. எய்க்மன் யூ.சி.எல்.ஏ.வுக்கு மாறிப் போனார். 1989-இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக டல்லஸ் கவ்பாய்ஸ் அவரை எடுத்தது. அந்த லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை வென்றார். மூன்றாவதை வென்றபோது டல்லஸின் கோச் யார் தெரியுமா? அதே ஸ்விட்ஸர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக, 'நல்லவேளை எய்க்மன் தப்பித்துப் போனார்' என்று முடிப்பார்கள். அந்த ஆண்டு அந்த அணிக்குச் சரியான குவாட்டர்பேக் ஹாலிவேதான் என்பதை யாரும் சொல்வதில்லை. கல்லூரி ஆட்டத்தில் கேள்வி 'யார் சிறந்த கை?' என்பதே இல்லை. இந்தப் பதினோரு பேரை வைத்துக்கொண்டு, இந்த ஒருவனின் கண்ணையும் காலையும் கையையும் வைத்துக்கொண்டு எதிரணியை எங்கே திணறடிக்கலாம் என்பதுதான் கேள்வி.

இதற்கு மைதானத்தின் கோடுகளும் ஒத்துழைக்கின்றன. இது பலர் கவனிக்காத விஷயம். ஃபுட்பால் மைதானத்தின் அகலம் 160 அடி. ஒரு முயற்சி ஓரமாக முடிந்தால், அடுத்த முயற்சிக்குப் பந்தை நடுப்பக்கமாகக் கொண்டுவந்து 'ஹாஷ்' என்ற குறிக்கோட்டில் வைப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே வெறும் பதினெட்டரை அடி. அதாவது எப்போதும் ஏறக்குறைய நடுவிலிருந்துதான் ஆட்டம் தொடங்கும். கல்லூரியில் அந்த இடைவெளி 40 அடி. 1993-க்கு முன் அது 53 அடிக்கும் மேல். ஆக, கல்லூரியில் இடது ஹாஷில் பந்து இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அந்த நூறடி வெளியை எதிரணி எப்படியாவது காத்தாக வேண்டும். ஓடத் தெரிந்த குவாட்டர்பேக் அந்தப் பக்கம் திரும்பினாலே டிஃபென்ஸ் இழுபடத் தொடங்கிவிடும். என்.எஃப்.எல்.-இல் செல்லாத வித்தைகள் கல்லூரியில் செல்வதற்கு, அங்கே ஆடுபவர்கள் சின்னப் பையன்கள் என்பது மட்டும் காரணமில்லை. தரையின் அளவே வேறு.

அந்த வெளியை நெப்ராஸ்கா போல யாரும் ஆண்டதில்லை. டாம் ஆஸ்போர்ன் என்ற அமைதியான கோச், டாமி ஃப்ரேஸியர் என்ற குவாட்டர்பேக். 1994, 1995 இரண்டு ஆண்டும் சாம்பியன். 1996 ஜனவரியில் ஃபியஸ்டா பவுலில் எதிரே வந்தது ஸ்டீவ் ஸ்பரியரின் ஃப்ளாரிடா. நாட்டிலேயே அழகாக எறியும் அணி. 62-24 என்று நெப்ராஸ்கா நொறுக்கியது. மூன்றாம் கால்பகுதியின் முடிவில் ஃப்ரேஸியர் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்புகிறார். ஏழெட்டுப் பேர் அவர்மேல் விழுகிறார்கள், ஒவ்வொருவராக உதிர்கிறார்கள், அவர் 75 யார்டு போய் நிற்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்கு அலுப்பதில்லை. ஆனால் அந்த ஓட்டத்தைவிட நான் மதிப்பது அதற்கு முந்தைய அரை நொடியை, பந்தைத் தட்டிவிடாமல் வைத்துக்கொள்வது என்று அவர் எடுத்த முடிவை.

இனி எறிபவர்களின் பக்கம். இந்தக் கிளையின் வேர் யூட்டா மாநிலத்தில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1972-இல் பொறுப்பேற்ற லவெல் எட்வர்ட்ஸ், பெரிய அணிகளை முட்டி வெல்ல முடியாது என்று தெரிந்து, எறிவதையே அணியின் அடிப்படையாக்கினார். ஜிம் மக்மான், ஸ்டீவ் யங், டை டெட்மர் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். 1984-இல் அந்த அணி ஒரு ஆட்டமும் தோற்காமல் சாம்பியன் ஆனது. அதைப் பார்த்துப் படித்தவர் ஹால் மம்மி. அவர் 1989-இல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னஞ்சிறு கல்லூரிக்குக் கோச்சாகப் போனபோது மைக் லீச் என்ற இளைஞரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். லீச் சட்டம் படித்தவர், கல்லூரியில் ஃபுட்பால் ஆடாதவர். இருவரும் சேர்ந்து செதுக்கியதுதான் ஏர் ரெய்டு. அதைத்தான் லீச் 2000-இல் லபக்குக்குக் கொண்டுவந்தார்.

வெளியிலிருந்து பார்க்க அது கண்டபடி எறிவது மாதிரி இருக்கும். உள்ளே அது மிகச் சிக்கனமான முறை. என்.எஃப்.எல். அணியின் வியூகப் புத்தகம் தலையணை கனம் இருக்கும். லீச்சின் அணியிடம் அடிப்படை வியூகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கல்லூரி மாணவர்களை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் நூறு வியூகத்தை அரைகுறையாகக் கற்பதைவிட, சிலவற்றைத் தூக்கத்திலும் ஆடும் அளவுக்குச் செய்து பழகலாம் என்பது அவர் கட்சி. முன்வரிசை மறிப்பாளர்களை மூன்றடிக்கும் மேல் இடைவெளி விட்டு நிறுத்தினார். அப்படி நின்றால் எதிரணி ஆட்கள் குவாட்டர்பேக்கை வந்தடையும் தூரமும் கூடும்.

அவர்கள் ஆடிய 'ஸ்டிக்' என்ற எளிய வியூகத்தைப் பாருங்கள். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவர் ஐந்தாறு யார்டு ஓடி அப்படியே திரும்பி நிற்பார். அவருக்கு வெளிப்பக்கமாக ஓட்டக்காரரான ரன்னிங் பேக் ஓரக்கோட்டை நோக்கிக் குறுக்கே ஓடுவார். நடுவில் மாட்டிக்கொள்பவன், எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று காக்கும் ஒரு லைன்பேக்கர். குவாட்டர்பேக் அவனை மட்டும் பார்க்கிறான். அவன் வெளியே ஓடினால் நின்றவருக்கு எறி. அவன் நின்றால் ஓடுபவருக்கு எறி. பெல்லார்டின் ஃபுல்பேக்கும் ஹாஃப்பேக்கும் எங்கே போனார்கள்? இங்கேதான் நிற்கிறார்கள், பத்தடி தள்ளி. லீச்சே விஷ்போனின் பெரிய ரசிகர். பந்து எல்லார் கைக்கும் போகிறது, மைதானம் முழுவதையும் எதிரணி காக்க வேண்டியிருக்கிறது என்று அதைப் புகழ்வார். அது முதலில் கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும், யோசித்தால் அவ்வளவும் சரி.

2008 நவம்பர் 1 அன்று மாணவர் பகுதியில் நான் நின்றிருந்தேன். ஆட்டம் முழுக்க முன்னணியில் இருந்த டெக்சஸ் டெக்கை, ஒன்றரை நிமிடம் மிச்சமிருக்கும்போது டெக்சஸ் 33-32 என்று தாண்டியது. அதன்பின் குவாட்டர்பேக் கிரஹாம் ஹாரல் பந்தை டெக்சஸின் 28 யார்டு கோடு வரை கொண்டுவந்தார். எட்டு வினாடி மீதம். ரிசீவர்கள் நான்கு பேரும் நேராக ஓடினார்கள். வலது ஓரத்தில் மைக்கேல் கிராப்ட்ரீயை ஒட்டி ஒரு டெக்சஸ்காரர், உதவிக்கு உள்ளிருந்து இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். முன்னால் எறிந்தால் அந்த இரண்டாமவர் எட்டிவிடுவார். ஹாரல் கிராப்ட்ரீயின் பின்பக்கமாக, ஓரக்கோட்டை ஒட்டி எறிந்தார். கிராப்ட்ரீ உடம்பை முறுக்கிப் பிடித்து, பற்றியிருந்த கையை உதறிவிட்டு எல்லைக்குள் போனபோது கடிகாரத்தில் ஒரு வினாடி இருந்தது. 39-33. சுற்றி நின்றவர்கள் பந்தைப் பார்த்துக் கத்தினார்கள். நான் பார்த்தது உதவிக்கு வந்த அந்த ஆளை. பட்டறைப் பெரியவர் பழக்கிய கண்.

ஓடுவதும் எறிவதும் ஒன்றாகக் கலந்தது இன்னொரு மூலையில். 1990-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியின் கோச் ரிச் ராட்ரிகஸ். பயிற்சியின்போது ஒரு நாள் அவருடைய குவாட்டர்பேக், பந்தை ஓட்டக்காரனிடம் கொடுப்பதில் தடுமாறிவிட்டார். ஓட்டக்காரனைத் துரத்தி உள்ளே ஓடிய, எதிர் வரிசையின் கடைக்கோடி ஆளான டிஃபென்சிவ் எண்டைக் கண்டதும், பந்தோடு அவன் விட்டுப்போன இடம் வழியாகத் தானே ஓடினார். ஏன் அந்தப் பக்கம் ஓடினாய் என்று கேட்ட ராட்ரிகஸுக்குக் கிடைத்த பதிலிலிருந்து 'ஸோன் ரீட்' பிறந்தது. குவாட்டர்பேக் ஐந்து யார்டு பின்னால் நின்று பந்தை வாங்குகிறான். மறிக்காமல் விட்ட டிஃபென்சிவ் எண்டைப் பார்க்கிறான். கொடுக்கிறான் அல்லது வைத்துக்கொள்கிறான். விஷ்போனின் முதல் பாதி, ஏர் ரெய்டு மாதிரி நான்கு ரிசீவர்களைப் பரப்பி நிறுத்திய மைதானத்தில்.

இந்தக் கலவையின் மிகப் பெரிய இரவு 2006 ஜனவரி 4, ரோஸ் பவுல். 34 ஆட்டம் தொடர்ந்து வென்றிருந்த தெற்கு கலிஃபோர்னியா அணி, டெக்சஸுக்கு எதிரே. அவர்களின் மேட் லைனார்ட் பாடப்புத்தகக் குவாட்டர்பேக். நின்று, நிதானித்து, எறிபவர். டெக்சஸின் வின்ஸ் யங்கை எல்லாரும் 'ஓடுபவர்' என்றார்கள். அன்று இருவரும் 40 முறை எறிந்தார்கள். லைனார்ட் அதில் 29 முறை பந்தைத் தன் ஆளின் கையில் சேர்த்தார், யங் 30. அதோடு யங் 200 யார்டு ஓடினார்.

ஆட்டத்தின் திருப்பம் எது என்று கேட்டால் எல்லாரும் கடைசி டச்டவுனை, பந்தோடு எல்லைக்குள் போன அந்தக் கடைசி முறையை, சொல்வார்கள். எனக்கு அதற்குச் சற்று முந்தைய ஒரு முயற்சிதான் முக்கியம். இரண்டு நிமிடம் சொச்சம் மீதம். தெற்கு கலிஃபோர்னியா 38-33 முன்னணி. நான்காவது முயற்சி, இரண்டு யார்டு வேண்டும். கிடைத்தால் ஆட்டம் முடிந்தது. லைனார்ட் பந்தை லெண்டேல் ஒயிட்டிடம் கொடுத்தார். லைனார்ட் ஓட மாட்டார் என்பது டெக்சஸ் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும், அவரைக் காக்க ஒருவரும் வேண்டியதில்லை. ஒன்பதுக்குப் பதினொன்று. ஒயிட் நின்றுபோனார். பந்து கைமாறியது. 19 வினாடி இருக்கையில், எல்லைக்கு எட்டு யார்டு தொலைவில், நான்காவது முயற்சியில் ஐந்து யார்டு வேண்டியபோது, யங் எறியத்தான் பின்வாங்கினார். ரிசீவர்கள் யாரும் தனியாக இல்லை. வலப்பக்கம் திறந்திருந்தது. தொடப்படாமல் மூலையை அடைந்தார். 41-38.

இதற்குப் பிறகு வந்த பெயர்கள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: டிம் டீபோ, 2010-இல் ஆபர்னை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சென்ற கேம் நியூட்டன், மார்கஸ் மாரியோட்டா. கூடவே ஆர்.பி.ஓ. எனப்படும் முறையும் வந்தது: ஓடவும் எறியவும் ஒரே முயற்சியில் வாய்ப்பு, எது என்பதை லைன்பேக்கர் நகர்வதைப் பார்த்துக் குவாட்டர்பேக் முடிவெடுப்பார். இது கல்லூரியில் செழிக்க ஒரு விதிதான் காரணம். எறியும் நேரத்தில் முன்வரிசை மறிப்பாளர்கள் மூன்று யார்டு வரை முன்னேறியிருக்கலாம், என்.எஃப்.எல்.-இல் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டு வித்தியாசத்தில் லைன்பேக்கருக்கு, வருவது ஓட்டமா எறிதலா என்று கடைசி வரை தெரியாது.

நான் கோபப்படும் இடத்துக்கு வந்துவிட்டேன். 'ஓடும் குவாட்டர்பேக்' என்ற பெட்டி வெறும் ஆட்டப் பாணியைக் குறித்ததே இல்லை. அமெரிக்காவில் அதற்கு நிறம் இருந்தது. கறுப்பின இளைஞன் குவாட்டர்பேக்காக ஆடினால் 'நல்ல உடல்திறன்' என்பார்கள். வெள்ளையன் ஆடினால் 'நல்ல புத்தி' என்பார்கள். சாண்டி ஸ்டீவன்ஸ் 1960-இல் மினசோட்டாவைச் சாம்பியன் ஆக்கினார்; தொழில்முறை அணிகள் அவரைக் குவாட்டர்பேக்காக எடுக்க விரும்பவில்லை, கனடாவுக்குப் போனார். வாரன் மூன் 1978 ரோஸ் பவுலின் சிறந்த ஆட்டக்காரர், என்.எஃப்.எல். தேர்வில் அவர் பெயரை ஒரு அணியும் உச்சரிக்கவில்லை. அவரும் கனடா போய், எட்மன்டனுக்காகத் தொடர்ந்து ஐந்து கிரே கோப்பை வென்ற அணியில் இருந்துவிட்டுத்தான் திரும்பினார். இவர்களில் யாரும் பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை. லமார் ஜாக்சன் 2016-இல் லூயிவில் அணிக்காக 30 டச்டவுன் எறிந்து, 21 டச்டவுன் ஓடி, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றவர். 2018-இலும் அவரை ரிசீவராக மாறச் சொன்னவர்கள் இருந்தார்கள். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-ஆவதாக எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே என்.எஃப்.எல்.-இன் மதிப்புமிக்க ஆட்டக்காரர், ஒரு ஓட்டுகூட மாறாமல்.

மறிக்காமல் விட்ட ஆளை அரை நொடியில் படிப்பது புத்தியின் வேலை. விஷ்போன் ஆடிய பையன்கள் அதை ஒரு ஆட்டத்தில் எத்தனையோ முறை செய்தார்கள். அதைப் 'படிப்பு' என்று ஒப்புக்கொள்ள இந்த நாட்டுக்கு இவ்வளவு காலம் ஆனது.

லபக்கின் மூன்றாவது இரவையும் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபர் 22. ஓக்லஹோமா 66, டெக்சஸ் டெக் 59. டெக்சஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ் 734 யார்டு எறிந்தார். ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்ட் ஏழு டச்டவுன் எறிந்தார். அவர் அதே டெக்சஸ் டெக்கில் தொடங்கி அங்கிருந்து மாறிப் போனவர். இரண்டு அணியும் சொல்லிவைத்த மாதிரி ஆளுக்கு 854 யார்டு. ஒரு பக்கம் கோச் கிளிஃப் கிங்ஸ்பரி, லீச் லபக்கில் வைத்திருந்த முதல் குவாட்டர்பேக். மறுபக்கம் ஆஃபென்ஸை நடத்தியவர் லிங்கன் ரைலி, லபக் பக்கத்து மியூல்ஷூ என்ற ஊர்க்காரர், லீச்சின் உதவியாளராக இருந்தவர். ஆனால் ரைலியின் அணி லீச்சின் அணி மாதிரி இல்லை. அன்று ஓக்லஹோமாவின் ஜோ மிக்ஸன் 263 யார்டு ஓடினார். எறிதலின் பிள்ளைகள் ஓட்டத்தைத் திரும்பக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எனக்கு ஒரு கவலை. 2021 முதல் மாணவர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். ஆட்டக்காரர்களுக்குப் பணமும் வருகிறது. அது நியாயம், அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் கொழுத்த காலம் நீண்டது. கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ் என்று மாறி வந்தவர்கள் ஹைஸ்மன் வாங்குகிறார்கள். ஆனால் தன் முறைக்கு ஏற்ற குவாட்டர்பேக்கை ஒவ்வொரு ஜனவரியிலும் வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்ள முடிந்த கோச்சுக்கு, கையிலிருப்பவனுக்காக ஒரு முறையைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் குறைகிறது. பெல்லார்டையும் லீச்சையும் ராட்ரிகஸையும் உருவாக்கியது அந்த அவசியம்தான்.

அந்த அவசியம் இன்னும் முழுசாக மிச்சமிருக்கும் இடம் ராணுவக் கல்லூரிகள். ஆர்மி, நேவி, விமானப்படை அணிகளுக்கு மற்றவர்கள் மாதிரி வெளியிலிருந்து ஆள் மாற்றிக்கொள்ள முடியாது. படிப்பு முடிந்ததும் பணிக்குப் போக வேண்டிய மாணவர்கள் என்பதால் நூற்று நாற்பது கிலோ மறிப்பாளர்களையும் வைத்துக்கொள்ள முடியாது. அதனால், விஷ்போன் மாதிரி எதிராளியைப் பார்த்து முடிவெடுக்கும் ஆப்ஷன் ஆட்டம் அங்கே சாகவில்லை. நேவியின் கீனன் ரெனால்ட்ஸ் தன் நான்கு ஆண்டில் 88 டச்டவுன் ஓடினார். 2024-இல் ஆர்மியின் பிரைசன் டெய்லி ஒரே பருவத்தில் 32 ஓடினார். ஆர்மி தன் பிரிவின் சாம்பியன் ஆனது. அந்த டிசம்பரில் ஆர்மியை 31-13 என்று வென்ற நேவிதான் எனக்கு இன்னும் சுவாரசியம். புதிதாக வந்திருந்த ஆஃபென்ஸ் கோச் ட்ரூ குரோனிக், பழைய ஆப்ஷனோடு பரந்து நிற்கும் ரிசீவர்களையும் எறிதலையும் சேர்த்திருந்தார். குவாட்டர்பேக் பிளேக் ஹார்வத் 200 யார்டுக்கு மேல் ஓடினார், இரண்டு டச்டவுன் எறியவும் செய்தார். ஆர்மி-நேவி ஆட்டம் ஒவ்வொரு டிசம்பரும் வருகிறது. வேறு ஒரு ஆட்டமும் பார்க்க நேரமில்லை என்பவர்கள் அதை மட்டுமாவது பாருங்கள்.